ஒன்பதாம் அத்தியாயம் – கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். நான் கோலாலம்பூர் செந்தூலில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எங்கள் வட்டாரத்தில் ஆறு பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, ஒரு நூலைப் படித்துப் பேசுவது வழக்கம். சென்ற மாதம் உங்கள் நாவலை எடுத்துக்கொண்டோம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையின் வேலைக்குப் போய்த் திரும்பாத தகப்பனைத் தேடிக் கெடாவின் ரப்பர் தோட்டத்திலிருந்து புறப்படும் பதினான்கு வயதுப் பெண், தோட்டத்து முனியிடம் நேர்ந்துகொண்டு, இறந்தவர்கள் நடமாடும் காட்டுக்குள் நுழைந்து அவரை மீட்டு வருகிற கதை எங்களில் யாரையும் சும்மா விடவில்லை. ஆனால் ஆறு பேருக்கும் ஆறு அபிப்பிராயம்.

பேய்கள் கூழ் காய்ச்சும் ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒருவர் அருவருப்புத் தாங்காமல் நூலை மூடிவிட்டார். இன்னொருவருக்கு அதே அத்தியாயம் சலிப்பூட்டியதால் பத்துப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் படித்தார். பத்துமலையின் இருட்டுக் குகைக்குள் போய் வந்த அன்பர் உங்கள் குகைப் பூதத்தைப் பார்த்துச் சிரித்தார். பொந்தியானாக் என்ற மலாய்ப் பேயை மோகினி என்று எழுதினால் என்ன என்று ஒருவர் கேட்டார். எங்களில் மூத்தவருக்கு வயது எண்பது. அவருடைய பெரியப்பா அந்த ரயில் வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. "நடந்த சாவுக்கு மாயம் பூசலாமா?" என்று கேட்டுவிட்டு, அவரும் ஒன்பதாம் அத்தியாயத்திலேயே நிறுத்திக்கொண்டார். எனக்கு முடிவில்தான் மனத்தாங்கல். அவ்வளவு பாடுபட்டுக் கூட்டி வந்த அப்பாவை அந்தப் பெண்ணுக்கே அடையாளம் தெரியாமல் போவது என்ன நியாயம்? ஆங்கில மாயக் கதைகளில் ஊறிய என் பேரனோ, "இந்த மந்திரத்துக்கு விதியே இல்லையே பாட்டி" என்கிறான். பின்னட்டையில் 'சிறுவர் முதல் பெரியவர் வரை' என்று போட்டிருப்பதை நம்பிப் பதினொரு வயது மகளுக்கு வாங்கிக் கொடுத்த ஒரு தாயின் வருத்தத்தையும் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அன்புடன்,
(பெயர் வேண்டாமென்று கேட்டுக்கொண்டதால் விடப்பட்டுள்ளது)

*

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். இந்நாட்டில் தமிழ் நூல் எழுதுகிறவனுக்கு வந்து சேரும் கருத்து பெரும்பாலும் வெளியீட்டு விழாவிலேயே முடிந்துவிடுகிறது. மாலை, பொன்னாடை, உறையில் அன்பளிப்பு, மேடையில் ஏழு பேரின் வாழ்த்துரை. அந்த ஏழு பேரில் நூலைப் படித்தவர் இருவர் இருந்தால் அது நல்ல விழா. அதன் பிறகு புலனத்தில் 'அருமை' என்று ஒரு சொல்லும் கூப்பிய இரு கைகளும் வரும். நீங்களோ எந்தப் பக்கத்தில் நூல் மூடப்பட்டது என்று குறித்தே அனுப்பியிருக்கிறீர்கள். அதற்காகவே இந்தப் பதில் சற்று நீள்கிறது.

பினாங்குக் கடைத்தெருப் பக்கம் பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் நான் சில ஆண்டுகள் குடியிருந்தேன். செங்குத்தான மரப்படிகள். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே படியில்தான் தடுக்குவார்கள். ஒருவர் தம் செருப்பை நொந்துகொள்வார், ஒருவர் விளக்கு மங்கல் என்பார், ஒருவர் வீட்டுக்காரரைத் திட்டுவார். கடைசியில் தச்சர் வந்து அளந்து பார்த்தபோது, அந்தப் படி மட்டும் மற்றவற்றைவிட அரை அங்குலம் உயரமாக இருந்தது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்தப் படிதான் நினைவுக்கு வந்தது. ஒருவருக்கு அருவருப்பு, ஒருவருக்குச் சலிப்பு, ஒருவருக்குக் கோபம். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாத கருத்துகள். ஆனால் மூவரும் தடுக்கிய இடம் ஒன்று. அப்படியிருக்க, அவரவர் ரசனை என்று சொல்லி நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

உண்மையைச் சொன்னால், என் முதல் எண்ணம் ஒதுங்கிக்கொள்வதாகத்தான் இருந்தது. கலிங்கத்துப்பரணியை எடுத்துக் காட்டினால் போதும் என்று நினைத்தேன். முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற போரைச் செயங்கொண்டார் பாடிய அந்நூலில், போர் முடிந்த களத்துப் பேய்கள் யானைக் கொம்பால் பல் விளக்கிக்கொண்டு, பிணங்களைக் கொண்டே கூழ் சமைத்துக் குடிக்கின்றன. நம் இலக்கியம் ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தாங்கிக்கொண்டதைச் செந்தூல் வாசகர் தாங்கக் கூடாதா என்று ஒரு பத்தி எழுதியும் வைத்தேன். எழுதிய பிறகு, மேற்கோள் சரியாக இருக்க வேண்டுமே என்பதற்காகப் பரணியை மறுபடியும் முதலிலிருந்து புரட்டினேன். வாதம் அங்கே உடைந்தது.

செயங்கொண்டார் கூழுக்கு வருவதற்கு முன்னால் பசியைப் பாடிவிடுகிறார். வயிறு ஒட்டிப் போன பேய்கள் காளியின் முன் நின்று தம் பட்டினியை முறையிடுவதற்கென்றே பேய் முறைப்பாடு என ஒரு பகுதி இருக்கிறது. அதற்கும் முன்னால் இந்திரசாலம் என்னும் பகுதி வருகிறது. இமயத்திலிருந்து வித்தை கற்றுக்கொண்டு வந்த முதுபேய் ஒன்று, காளியின் முன்னிலையில் இரத்த வெள்ளமும் பிணக்குவியலுமாக ஒரு போர்க்களத்தையே வரவழைத்துக் காட்டுகிறது. பசித்த பேய்கள் பாய்ந்து அள்ளுகின்றன. கையில் ஒன்றும் இல்லை. ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெறும்வாயை மென்று, இனித் தாங்காது, நிறுத்தச் சொல்லுங்கள் என்று காளியைக் கெஞ்சுகின்றன. அவ்விடத்தைப் படித்தபோது எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. ஒன்பதாம் அத்தியாயத்தில் நான் எழுதியது கூழடுதல் அன்று, இந்திரசாலம். பக்கம் பக்கமாக இரத்தத்தை வரவழைத்திருக்கிறேன். அதற்கு முந்தைய எட்டு அத்தியாயங்களில் ஒரு வேளைப் பட்டினியையும் வாசகர் உணரும்படி எழுதவில்லை. கதையை நம்பிப் பாய்ந்தவருக்கு அருவருப்பு மட்டும் மிஞ்சியது. இது வித்தைதான் என்று கண்டுகொண்டவருக்குச் சலிப்பு வந்தது. இரண்டும் ஒரே குறையின் இரு முகங்கள்.

உங்கள் மூத்தவர் கேட்டதற்கு இவ்வளவு எளிதாகப் பதில் வராது. 1942-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்ட, சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குச் சென்ற 415 கிலோமீட்டர்ப் பாதை அது. நேச நாட்டுப் போர்க்கைதிகளில் இறந்தவர்களுக்குத் தாய்லாந்தின் காஞ்சனாபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. மழையிலும் காலராவிலும் பட்டினியிலும் அவர்களைவிடப் பல மடங்காக மடிந்த ஆசியத் தொழிலாளர்களுக்கு அப்படிப் பெயர் சொல்லும் கல் இல்லை; அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர் எத்தனை பேர் என்பதற்குச் சரியான பதிவேடும் இல்லை. இப்படிப்பட்ட சாவின்மேல் கைவைக்கிறவன் கூசித்தான் ஆக வேண்டும். மூத்தவரின் கோபத்தில் பாதியை, ஒன்பதாம் அத்தியாயத்துக்கு உரிய பாதியை, நான் மறுப்பின்றி ஏற்றுக்கொள்கிறேன். பட்டினியால் செத்தவர்களைப் பற்றிய நூலில் பசியைச் சொல்லாமல் பிணத்தைக் காட்டியது ரசனைக் குறைவு என்பதோடு நிற்காது; அது மரியாதைக் குறைவும்கூட.

மற்றப் பாதியை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. என் பாட்டியின் தம்பியும் அந்த வேலைக்குப் போனவர்தாம். அவர் செத்த செய்தி எங்கள் லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, வரவே இல்லை. நாள் தெரியாததால் திதி கிடையாது. உடல் வராததால் கருமாதி கிடையாது. அவர் மனைவி தாலியை வைத்துக்கொள்வதா கழற்றுவதா என்று சொல்ல யாருக்கும் துணிவு இல்லை. பாட்டி அவரைப் பற்றிப் பகலில் பேசி நான் கேட்டதில்லை. இரவில், அடுப்பு அணைந்த பிறகு, அவரை எல்லைக்கு அப்பால் முனி மறித்து வைத்திருக்கிறது என்றும், மழை விடாமல் பெய்யும் நாளில் ரப்பர்ப் பால்காட்டு ஓரம்வரை வந்து நின்றுவிட்டுப் போகிறார் என்றும் சொல்வார். வரலாற்றின் மேல் நான் மாயத்தைப் பூசினேன் என்று பெரியவர் நினைக்கிறார். எங்கள் வீட்டுக்கு அந்த வரலாறு வந்து சேர்ந்ததே மாயக் கதையாகத்தான். தேதியும் தொகையும் எனக்கு நூலகத்தில் பிற்பாடு கிடைத்தவை. அவற்றை மட்டும் வைத்து எழுதியிருந்தால் நாவல் கூடுதல் நம்பகமாக இருந்திருக்கலாம். ஆனால் பாட்டி சொன்ன கதையாக இருந்திருக்காது.

உங்கள் பேரனிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவன் கேட்பது நல்ல கேள்வி. இந்நாவலில் மந்திரத்துக்கு ஒரே ஒரு விதி உண்டு, அது நேர்த்திக்கடன். முனியிடம் உதவி பெறும் ஒவ்வொரு முறையும் நாயகி தன் நினைவிலிருந்து ஒன்றைக் கொடுத்தாக வேண்டும்: முதலில் தோழியின் பெயர், அடுத்துத் தாய் பாடிய தாலாட்டு, பிறகு தான் பிறந்த தோட்டத்தின் பெயர். இதை விளக்கி எழுதத் தேவையில்லை என்று நினைத்தேன். தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் தகப்பன் காவடி எடுப்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு, வீட்டில் யாருக்காகவோ எதையோ கேட்டிருக்கிறார்கள், கிடைத்திருக்கிறது, இப்போது கொடுக்கிறார்கள் என்பது யாரும் சொல்லாமலே புரியும். கடன் என்ற சொல்லே அதற்குள் இருக்கிறதே. ஆயினும் பேரன் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது: முதல் நான்கு அத்தியாயங்களில் முனி இரண்டு முறை உதவுகிறது, இரண்டு முறையும் விலை கேட்கவில்லை. ஐந்தாம் அத்தியாயத்தில்தான் கணக்கு தொடங்குகிறது. இலவசமாகக் கிடைத்ததற்குப் பிறகு விலை கேட்டால், அது விதியாகத் தெரியாது; கதாசிரியனின் வசதியாகத்தான் தெரியும். இதைத் திருத்துவது எளிது. முதல் உதவியிலேயே தோழியின் பெயர் போயிருக்க வேண்டும், அது போனது நாயகிக்கே தெரியாமல்.

குகைப் பூதத்தைக் கண்டு சிரித்த அன்பர், பத்துமலை இருட்டுக் குகையில் வாழும் பொறிக்கதவுச் சிலந்தியைப் பார்த்தவராக இருக்கக்கூடும் என்று ஊகிக்கிறேன். அது தன் வளைக்கு ஒரு மூடி செய்துகொண்டு, வாசலிலிருந்து சில இழைகளைச் சுற்றிலும் நீட்டிவிட்டு, உள்ளே அசையாமல் இருக்கும்; வழிப்போகும் பூச்சியின் கால் இழையில் பட்டால் மட்டுமே மூடி திறக்கும். என் பூதம் மூன்று பக்கங்களுக்குக் கர்ஜிக்கிறது. எது அச்சம் தரும் என்பதில் அன்பரோடு எனக்கு வழக்கில்லை.

பொந்தியானாக்கை மோகினி ஆக்க மாட்டேன். பிரசவத்தில் இறந்த பெண்ணின் ஆவி என்பதே மலாய்க்காரர் வழக்கில் அதன் பொருள். மோகினிக்கு அந்தத் துயரம் இல்லை, வேறு வேலை இருக்கிறது. தவிரவும், நம் வீட்டுப் பிள்ளைகள் வாழைமரத்தடியில் பயப்படுவது பொந்தியானாக்குக்குத்தானே தவிர மோகினிக்கு அல்ல.

பின்னட்டை வாசகத்தை எழுதியவன் நான் இல்லை. ஆனால் அச்சுக்குப் போகுமுன் அதைப் பார்த்து, விற்பனைக்கு உதவுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான்தான். அந்தத் தாயிடம் என் வருத்தத்தைத் தெரிவியுங்கள். பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்நாவலைக் கொடுக்க வேண்டாம்.

இனி உங்கள் மனத்தாங்கல். மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையைப் பள்ளியில் நீங்களே பாடம் நடத்தியிருக்கக்கூடும். சார்ங்கலன் என்னும் சிறுவன் தனியே சுடுகாட்டு வழியே போய், இறந்தவளின் தலையை ஏந்திக் கூத்தாடும் பேயைக் கண்டு அஞ்சி ஓடி வந்து, தாயிடம் சொல்லி, உயிர் விடுகிறான். தாய் கோதமை சம்பாபதித் தெய்வத்திடம் முறையிடுகிறாள்: என் உயிரை எடுத்துக்கொண்டு இவன் உயிரைத் தா. தெய்வம் மறுக்கிறது. அப்படி ஒரு மாற்று இல்லை என்பதற்குச் சக்கரவாளத்துத் தேவர்களையெல்லாம் வரவழைத்துச் சாட்சி சொல்ல வைக்கிறது. பேய் வரும் பகுதியைவிட இந்த மறுப்புத்தான் எனக்குச் சிறு வயதிலிருந்தே தூக்கத்தைக் கெடுத்தது. பிற்காலத்தில் ஒரு கேள்வி எழுந்தது: தெய்வம் சரி என்று சொல்லியிருந்தால்? இந்நாவல் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. என் முனி மறுக்கவில்லை, ஒப்புக்கொள்கிறது. நாயகி கேட்டது தகப்பன் திரும்ப வேண்டும் என்பது, திரும்பிவிட்டார். அவள் கொடுத்தது கொடுத்ததுதான். அடையாளம் தெரியாத ஒரு மனிதருக்கு அவள் கடைசிப் பக்கத்தில் சோறு போடுகிறாள், யாரோ வழிப்போக்கர், பசியோடு வந்திருக்கிறார் என்று நினைத்து. நியாயம் இல்லை என்கிறீர்கள். நானும் நியாயம் என்று சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு நினைவு திரும்பும்படி எழுதினால், அதுவரை அவள் இழந்த ஒவ்வொரு பெயரையும் பொய்யாக இழந்தவள் ஆகிவிடுவாள். முடிவை மாற்ற மாட்டேன்.

ஒன்பதாம் அத்தியாயத்தை மாற்றுகிறேன். இரண்டாம் பதிப்புக்கு அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். பேய்கள் கூழ் காய்ச்சட்டும், ஆனால் அதற்கு முன் பசி வர வேண்டும். இதற்கு உங்கள் மூத்தவரின் உதவி எனக்குத் தேவைப்படுகிறது. நாவலை மீண்டும் படிக்கச் சொல்லி அவரை வற்புறுத்த வேண்டாம். அவருடைய பெரியப்பா தோட்டத்தை விட்டுப் புறப்பட்ட அன்று வீட்டில் என்ன சமைத்தார்கள், அவர் சாப்பிட்டுவிட்டுப் போனாரா, இதைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் எப்போதாவது ஏதாவது சொல்லி அவர் காதில் விழுந்திருக்கிறதா என்று மட்டும், அவர் மனம் நோகாதபடி கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து