கேளுங்க சொல்றோம்: யார்க்டவுன்ல தோத்தவரு வேலூருக்கு வந்த கதை

ஆம்பூர் வாசகர்: சார், வாஷிங்டன்கிட்ட தோத்த கார்ன்வாலிஸும் திப்புவோட சண்ட போட்ட கார்ன்வாலிஸும் ஒரே ஆளுன்னு எம் பையன் அடிச்சி சொல்றான், நெஜமா?

பையன் சொல்றது கரெக்ட் தாங்க. 1781 அக்டோபர் 19, அமெரிக்க சுதந்திரப் போரு, வர்ஜீனியால யார்க்டவுன்னு ஒரு ஊரு, தரையில அமெரிக்க தளபதி வாஷிங்டன் படையும் பிரெஞ்சு படையும், கடல்ல பிரெஞ்சு கப்பலுங்க, நடுவுல மாட்டிக்கினு பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரண்டர் ஆயிட்டாரு. ஆனா மனுஷன் நேர்ல வரல, உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு ஓஹாரான்ற துணைத் தளபதிய அனுப்பிட்டாரு. வாஷிங்டன் மட்டும் லேசுப்பட்டவரா, துணை ஆளு வந்தா துணை ஆளுகிட்டயே பேசிக்கன்னு பெஞ்சமின் லிங்கன கை காட்டிட்டாரு (பின்னால பிரசிடென்ட் ஆனாரே, அந்த லிங்கன் இல்ல, இவரு வேற).

இவ்ளோ பெருசா கோட்ட விட்டவர வீட்ல உக்கார வெப்பாங்கன்னு தானே நெனப்பீங்க, 1786ல கவர்னர் ஜெனரலாக்கி இங்க அனுப்பிட்டாங்க. 1791 பிப்ரவரில வேலூர்ல படைய சேத்துக்கினு உங்க ஆம்பூர் கணவா வழியா தான் ஏறப்போறேன்னு போக்கு காட்டினாரு, திப்பு அந்தப் பக்கமே கண்ணா இருக்க, இவரு சித்தூர் பக்கம் திரும்பி மொகிலி கணவாயில ஏறிட்டாரு. மார்ச்சுல பெங்களூரு கோட்ட போச்சு. அடுத்த வருஷ ஒப்பந்தத்துல திப்புவுக்கு பாதி ராஜ்ஜியம் போச்சு, ரெண்டு புள்ளைங்க பணயமா போனாங்க, நம்ம திருப்பத்தூர் இருக்கற பாரமஹால் சீமையும் கம்பெனி கைக்கு வந்துச்சு.

காட்பாடி மாணவி: வாஷிங்டன் பெரிய படிப்பு படிச்சவரா? அவரோட சாதனைன்னு எத சொல்வீங்க?

படிப்பா, காலேஜ் வாசலயே மிதிக்கலம்மா. 11 வயசுல அப்பா செத்துட்டாரு, 17 வயசுல நெலம் அளக்கற சர்வேயர் வேல. 1751ல இங்க ஆற்காட்டு கோட்டைக்குள்ள கிளைவ் முற்றுகையில மாட்டிக்கினு இருந்த அதே வருஷம், வாஷிங்டன் பார்படோஸ் தீவுல அம்ம போட்டு படுத்துக்கினு இருந்தாரு. பின்னால 1777ல மொத்த படைக்கும் அம்மப்பால் குத்த வெச்சதுக்கு அந்த அனுபவமும் ஒரு காரணமா இருக்கலாம், துப்பாக்கியால ஜெயிச்சத விட இது பெருசுன்னு நான் சொல்வேன். சண்டையில பல தடவ தோத்தவரு தான், 1754லயே பிரெஞ்சுக்காரங்ககிட்ட சரண்டர் ஆனாரு, 1776ல நியூயார்க்க விட்டுட்டு பின்வாங்கினாரு.

சாதனைன்னா, வுட்டுட்டு போனது தான். 1783 ஆரம்பத்துல கையில படை இருந்துச்சு, சம்பள பாக்கில ஆபீசருங்க கடுப்புல இருந்தாங்க, நெனச்சிருந்தா ராஜா ஆயிருக்கலாம், ஆனா டிசம்பர்ல அன்னாபோலிஸ்ல காங்கிரஸ் முன்னாடி போயி பதவிய திருப்பி குடுத்துட்டு வீட்டுக்கு போயிட்டாரு. 1789ல ஓட்டு போட்ட 69 எலெக்டருங்களும் அவரத்தான் பிரசிடென்ட் ஆக்கினாங்க, ரெண்டு டேர்ம் முடிஞ்சதும் மூணாவதுக்கு நிக்கல, 1797ல மறுபடியும் தோட்டத்துக்கே போயிட்டாரு. இங்க ஆற்காடு நவாப் நாற்காலிக்கு எத்தினி தல உருண்டுச்சின்னு யோசிச்சி பாரும்மா.

குடியாத்தம் வாசகர்: வாஷிங்டனுக்கு மரப்பல்லாமே?

கட்டுக்கத. தந்தம், ஈயம், மனுஷ பல்லு எல்லாம் சேத்து செஞ்ச செட்டு. பதவி ஏத்தப்போ சொந்தப் பல்லு ஒண்ணே ஒண்ணு தான்.

ராணிப்பேட்டை வாசகி: அடிமைங்கள வெச்சிருந்தவர தேசத்தந்தைன்னு எப்படிங்க சொல்றாங்க?

நல்லா கேட்டீங்க, மேல சொன்ன பல்லு விஷயத்துலயே இது இருக்கு: 1784ல அடிமைங்ககிட்ட 9 பல்லு வாங்கினதா அவரு வீட்டு கணக்குலயே எழுதியிருக்கு. 1799ல அவரு சாகும்போது அவரோட மவுன்ட் வெர்னன் தோட்டத்துல 300 பேருக்கு மேல அடிமைங்க, அதுல 123 பேரு அவரோட பேர்ல. அவங்கள விடுதல பண்ணணும்னு உயில் எழுதினாரு, மனைவி மார்த்தா 1801ல விட்டுட்டாங்க. மீதில பெரும்பாலானவங்க மார்த்தாவோட மொத புருஷன் சொத்து கணக்குல வந்தவங்க, அவங்களுக்கு உயில் செல்லல. அந்த வகையில வந்த ஓனா ஜட்ஜ்ன்ற பொண்ணு 1796ல பிலடெல்பியால பிரசிடென்ட் வீட்லேர்ந்தே தப்பிச்சி ஓடிப்போயிட்டாங்க. பேப்பர்ல வெளம்பரம் குடுத்து, ஆளு அனுப்பி தேடியும் திரும்பி வரல. நியூ ஹாம்ப்ஷயர்ல 1848 வரைக்கும் வாழ்ந்தாங்க, அதுவரைக்கும் சட்டப்படி அவங்க ஓடிப்போன அடிமை தான்.