கிளிமஞ்சாரோ: ஐந்து நாளா, எட்டு நாளா?

கேள்வி: எனக்கு 47 வயது. திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். வெள்ளியங்கிரி ஒன்பது முறை ஏறியிருக்கிறேன். வரும் ஜனவரியில் டான்சானியாவில் இருக்கும் கிளிமஞ்சாரோ மலைக்குப் போகலாம் என்று ஆசை. ஒரு நிறுவனம் மராங்கு வழியில் ஐந்து நாள், பன்னிரண்டு பேர் குழு, ஆளுக்கு 1,20,000 ரூபாய் என்கிறது. இன்னொரு நிறுவனம் லெமோஷோ வழியில் எட்டு நாள், 2,25,000 ரூபாய் என்கிறது. விமானக் கட்டணம் தனி. மலை ஒன்றுதானே, எதற்கு ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வேறு சாப்பிடுகிறேன். அது தடையா?

பதில்: எட்டு நாள் திட்டத்தை எடுங்கள். கையில் பணம் போதவில்லை என்றால் ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள், மலை ஓடிவிடாது. ஐந்து நாள் மராங்குக்கு மட்டும் போகாதீர்கள்.

ஒன்பது முறை வெள்ளியங்கிரி ஏறியவருடைய கால்களைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. ராத்திரி முழுக்க டார்ச் வெளிச்சத்தில் ஏறுவது, விடியற்காலைக் காற்றில் பல் கிட்டித்துப்போவது, இறங்கும்போது முழங்கால் நடுங்குவது எல்லாம் உங்களுக்குப் பழகினதுதான். கிளிமஞ்சாரோவும் நடந்தே ஏறுகிற மலை; வழக்கமான வழிகளில் கயிறு, பனிக்கோடரி எதுவும் தேவைப்படாது. சிக்கல் உயரத்தில் இருக்கிறது. வெள்ளியங்கிரி சுமார் 6,000 அடி. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். மராங்கு வழியில் முதல் ராத்திரி தங்கும் மண்டாரா குடில் 2,720 மீட்டரில் இருக்கிறது. நம் பக்கத்து மலை எதுவும் தொடாத உயரத்தில் கிளிமஞ்சாரோ முதல் நாளே உங்களுக்குப் பாய் விரிக்கிறது. மலையின் உச்சியான உஹுரு 5,895 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதிதான். மூச்சுக்கு மூச்சு கிடைக்கிற ஆக்சிஜனும் பாதிதான்.

உடம்பு இதற்குப் பழகும், ஆனால் அவசரப்படுத்தினால் பழகாது. 3,000 மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் இடத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது உயர்மலை மருத்துவத்தில் பொதுவான விதி. இப்போது ஐந்து நாள் மராங்கைப் பாருங்கள். முதல் ராத்திரி 2,720, இரண்டாவது ராத்திரி ஹொரோம்போ குடிலில் 3,720, மூன்றாவது நாள் கிபோ குடிலில் 4,720. ராத்திரிக்கு ஆயிரம் மீட்டர்! அந்த கிபோவிலும் தூங்க விடமாட்டார்கள். பதினொன்றரை மணிக்கு எழுப்பி, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, உச்சிக்குக் கிளப்பிவிடுவார்கள்.

லெமோஷோவில் எட்டு நாள் என்றால் ஷிரா, பாரங்கோ, கரங்கா என்ற முகாம்களில் 3,800-க்கும் 4,000-க்கும் இடையிலேயே மூன்று ராத்திரி கழியும். நடுவில் ஒரு நாள் 4,600 மீட்டரில் இருக்கும் லாவா டவர் பாறைவரை ஏற்றிவிட்டு, மாலையில் 3,950-க்குத் தூங்க இறக்குவார்கள். ‘ஏறினதை எதற்கு இறங்க வேண்டும்’ என்று அன்றைக்கு எல்லோரும் முணுமுணுப்பார்கள். உச்சி ராத்திரியில் உங்களைக் காப்பாற்றுவது அந்த நாள்தான். நீங்கள் கேட்ட கூடுதல் ஒரு லட்சம் இந்த இரவுகளுக்கான விலை. எட்டு நாளுக்கு வழியில்லை, மராங்குதான் என்றால் ஹொரோம்போவில் ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்கும் ஆறு நாள் திட்டத்தையாவது கேளுங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதலில் போனதும் ஐந்து நாள் திட்டத்தில்தான், பதினொரு பேர் குழு. மூன்று வழிகாட்டிகள் என்றார்கள், போதும் என்று நினைத்துக்கொண்டோம். கிபோவிலிருந்து கிளம்பி இரண்டு மணி நேரத்தில் ஒருவருக்கு வாந்தி நிற்கவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு ஒரு வழிகாட்டி இறங்கினார். ஹான்ஸ் மேயர் குகையருகே இன்னொருவருக்குக் கால் தள்ளாட ஆரம்பித்தது. இரண்டாவது வழிகாட்டியும் போனார். மீதி ஒன்பது பேரும் ஒரே வழிகாட்டிக்குப் பின்னால் சரளையில் இரண்டடி ஏறி ஓரடி சறுக்கி, பொழுது விடியும்போது 5,685 மீட்டரில் இருக்கும் கில்மன் முனைக்கு வந்து சேர்ந்தோம். அங்கே ஒரு பெண் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பேர் கேட்டால்கூடக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் வந்தது. வழிகாட்டி ஒருவர்தான், அவர் அந்தப் பெண்ணோடு இறங்கியாக வேண்டும், எங்களைத் தனியாக விடவும் முடியாது. எல்லோரும் இறங்கினோம். உச்சிக்கு இன்னும் 210 மீட்டர்தான் உயரம். எனக்குத் தலைவலிகூட இல்லை.

அந்த வழிகாட்டி செய்தது முழுக்கச் சரி. தப்பு, எத்தனை பேர் நோய்ப்படலாம் என்று கணக்குப் போடாமல் ஆள் அனுப்பியவர்களுடையது. அதனால் எந்த நிறுவனத்திடமும் நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான்: ‘உச்சி ஏறும் ராத்திரியில் ஒருவர் திரும்ப நேர்ந்தால் அவரோடு யார் இறங்குவார்? இரண்டாவது ஆளுக்கு? மூன்றாவது ஆளுக்கு?’ பன்னிரண்டு பேருக்கு ஐந்தாறு வழிகாட்டிகள் என்று பதில் வந்தால் மேலே பேசலாம். ‘எங்கள் வெற்றி விகிதம் இவ்வளவு சதவீதம்’ என்று பேச்சை மாற்றினால் போனை வைத்துவிடுங்கள். அந்த சதவீதத்தை யார் எண்ணினார், கில்மன் முனையோடு திரும்பியவரையும் சேர்த்தாரா என்றெல்லாம் உங்களால் சரிபார்க்க முடியாது. ஆள் எண்ணிக்கையை எழுதி வாங்க முடியும்.

அதோடு, உங்களிடம் பணம் வாங்குகிறவரும் உங்களை மலையேற்றுகிறவரும் ஒருவர்தானா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது. இங்கே ஆள் சேர்த்து, மோஷியிலோ அருஷாவிலோ இருக்கும் டான்சானிய நிறுவனத்திடம் ஒப்படைப்பார்கள். அதில் தவறில்லை, அந்த நாட்டில் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரும் ஏற முடியாது. ஆனால் அந்த நிறுவனத்தின் பெயர் முன்பணம் கட்டுவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெயர் தெரிந்தால் இன்னொன்றையும் பார்த்துவிடலாம். கிளிமஞ்சாரோ சுமைதூக்கிகள் உதவித் திட்டம் என்று ஓர் அமைப்பு மோஷியில் இருக்கிறது. கேபாப் என்று சுருக்கிச் சொல்வார்கள். சுமைதூக்கிகளுக்குச் சரியான கூலி, சாப்பாடு, கூடாரம் தருகிற நிறுவனங்களின் பட்டியலை அது வெளியிடுகிறது. இது தர்ம காரியம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஒரு ஏறுநருக்கு மூன்று நான்கு சுமைதூக்கிகள் வருவார்கள். உங்கள் கூடாரம், அரிசி, அடுப்பு எல்லாம் அவர்கள் தலையில்தான். மரியாதையாக நடத்தாத இடத்தில் நல்ல ஆள் நிற்கமாட்டார்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. அண்மை ஆண்டுகளில் பூங்காக் கட்டணம் வெளிநாட்டவருக்கு நாளைக்கு 70 டாலர், முகாமில் தங்க ராத்திரிக்கு 50, மீட்புக் கட்டணம் 20. எட்டு நாள், ஏழு ராத்திரிக்கு 930 டாலர். அதன்மேல் 18 சதவீத வரி. ஆக 1,097 டாலர், கிட்டத்தட்ட ஒரு லட்சம் ரூபாய், அரசாங்கத்துக்கே போய்விடுகிறது. இதில் ஒரு பைசாவைக்கூட நிறுவனத்தால் குறைக்க முடியாது. ஆகவே நாளைக்கே யாராவது ‘அதே எட்டு நாள், 1,30,000-க்கு முடித்துத் தருகிறேன்’ என்று வந்தால், மீதி முப்பதாயிரத்தில் எட்டு நாள் சாப்பாடு, வழிகாட்டி, சுமைதூக்கி, போக்குவரத்து எல்லாம் எப்படி என்று நீங்களே கேட்டுக்கொள்ளலாம். கணக்குப் பார்ப்பவருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். ஒரு சுமைதூக்கிக்கு 20 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது விதி. பூங்கா வாசலில் தராசு போட்டு மூட்டைகளை நிறுக்கிறார்கள். உங்கள் பையை 15 கிலோவுக்குள் கட்டுங்கள். கடைசியில் கொடுக்கும் அன்பளிப்பு விலையில் சேராது. வழிகாட்டிகள், சுமைதூக்கிகள் எல்லோருக்கும் சேர்த்து உங்கள் பங்காக 200 முதல் 300 டாலர்வரை தனியாக எடுத்து வையுங்கள்.

சரி, ரத்த அழுத்தம். மாத்திரையால் கட்டுக்குள் இருந்தால் அதுவே தடை ஆகாது. உங்கள் மருத்துவரிடம் ‘டூர் போகிறேன்’ என்று சொல்லாமல் ‘5,900 மீட்டர் உயரத்துக்குப் போகிறேன்’ என்று சொல்லுங்கள். மாத்திரைச் சீட்டையும் காட்டுங்கள். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வருகிற மலைநோயைத் தடுக்கப் பலர் அசிட்டசோலமைடு சாப்பிடுவார்கள். டயமாக்ஸ் என்றால் கடையில் தெரியும். வழக்கமாக 125 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. அது சிறுநீரைக் கூட்டும். உங்கள் ரத்த அழுத்த மாத்திரையிலும் சிறுநீர் பிரிக்கிற மருந்து கலந்திருந்தால் இரண்டும் சேர்ந்து பொட்டாசியத்தைக் குறைத்துவிடும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. மருத்துவர் சரி என்றால் ஊரிலேயே இரண்டு நாள் சாப்பிட்டுப் பாருங்கள். விரல் நுனி மரத்துச் சுருக்சுருக்கென்று குத்தும், சோடா சப்பென்று இருக்கும். இதை முதல்முறை கூடாரத்தில் உணர்ந்து பயப்படுவதைவிட வீட்டில் உணர்வது மேல்.

மாத்திரை போட்டாலும் மலைநோய் வரலாம். லேசான தலைவலி பலருக்கும் வரும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், குடித்தவர் மாதிரிக் கால் பின்னினால், பேச்சு குழறினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது; அந்த நிமிடமே இறங்க வேண்டும். குழுவாகப் போகும்போது நடக்கிற பெரிய தப்பு, மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று நோயை மறைப்பது. நம்மவர்களிடம் இது கொஞ்சம் அதிகம். தினமும் வழிகாட்டி விரலில் கருவி மாட்டி ஆக்சிஜன் அளவு பார்ப்பார். அந்த எண்ணைவிட நீங்கள் வாய் திறந்து சொல்வது அவருக்கு உதவும்.

இன்னொரு விஷயம், வேகம். ‘போலே போலே’ என்று வழிகாட்டிகள் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். சுவாஹிலியில் மெதுவாக மெதுவாக என்று பொருள். திருவாரூர்த் தேர் அசைகிற மாதிரி நடப்பார்கள். வெள்ளியங்கிரி வேகத்தில் ஏறிப் பழகின உங்களுக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் நான் பார்த்தவரை முதல் இரண்டு நாள் முன்னால் ஓடின திடகாத்திரமான பையன்கள்தான் மூன்றாம் நாள் சாப்பாட்டுக் கூடாரத்துக்கு வராமல் படுத்துக் கிடப்பார்கள். உடற்பயிற்சிக்கும் உயரம் ஒத்துக்கொள்வதற்கும் சம்பந்தமில்லை. முடிந்தால் அக்டோபர், நவம்பரில் மேற்கு வங்கத்தின் சந்தக்பூ போய் வாருங்கள், 3,636 மீட்டர். அந்த உயரத்தில் உங்களுக்குத் தூக்கம் வருகிறதா, பசி எடுக்கிறதா என்று குறைந்த செலவில் தெரிந்துவிடும்.

இறக்கத்தை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. லெமோஷோவில் உச்சி தொட்ட அன்றே 5,895-லிருந்து 3,100-ல் இருக்கும் ம்வெக்கா முகாமுக்கு இறங்க வேண்டும், தூங்காத உடம்போடு. வெள்ளியங்கிரியில் மூங்கில் தடி எப்படியோ, அங்கே இரண்டு கைக்கும் இரண்டு ஊன்றுகோல். 47 வயது முழங்கால் நன்றி சொல்லும்.

காப்பீடு எடுக்கும்போது சிற்றெழுத்தைப் படியுங்கள். ‘மலையேற்றம் அடங்கும்’ என்று பெரிதாகப் போட்டுவிட்டு உள்ளே 4,000 மீட்டர்வரை என்று எழுதியிருக்கும் பாலிசிகள் உண்டு. 6,000 மீட்டர்வரை, மீட்புச் செலவோடு என்று எழுத்தில் இருக்க வேண்டும். விமானம் அடிஸ் அபாபா, நைரோபி வழியாக என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்கலாம், திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலும் சிக்கல் வரலாம். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பே போட்டால்தான் அது செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்தில் போடுகிறார்கள். பாலிதீன் பைகளை டான்சானியா 2019-லேயே தடை செய்துவிட்டது, துணிப்பையில் கட்டுங்கள்.

சாப்பாட்டுக்குப் பயமில்லை, சைவம் என்று முன்பே சொன்னால் சமைத்துத் தருவார்கள். ஆனால் 4,000-க்கு மேல் பசியே செத்துவிடும். அப்போது ஒரு டப்பா பருப்புப்பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் செய்கிற வேலையை எந்த எனர்ஜி பாரும் செய்யாது. சாக்லேட்டைச் சட்டையின் உள்பையில் வையுங்கள், வெளியே வைத்தால் கல்லாகிவிடும். தண்ணீர்ப் பையின் குழாயில் ஒவ்வொரு முறை குடித்த பிறகும் திருப்பி ஊதிவிடுங்கள். குழாயில் தண்ணீர் நின்றால் உறைந்துவிடும். உச்சி ராத்திரியில் மைனஸ் 15 டிகிரி சாதாரணம்.

ஜனவரி நல்ல மாதம்தான், மழை குறைவு. கடைசியாக ஒன்று. பூட்ஸைப் பெட்டிக்குள் போடாதீர்கள், காலில் போட்டுக்கொண்டே விமானம் ஏறுங்கள். பெட்டி வழியில் எங்காவது தங்கிவிட்டால் ஜாக்கெட், தூங்கும் பை எல்லாம் மோஷியில் வாடகைக்குக் கிடைக்கும். உங்கள் காலுக்குப் பழகின பூட்ஸ் கிடைக்காது.