டொமைன் கைமாறிவிட்டது, எந்த வக்கீலிடம் போவது?

கேள்வி: மண்டபம் பக்கத்தில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். 2019இல் ராமநாதபுரத்தில் வெப்சைட் செய்து தருகிற ஒருவரிடம் பணம் கொடுத்து, எங்கள் கடைப் பெயரில் டாட் காம், டாட் இன் இரண்டு முகவரியும் வாங்கினோம். வருஷா வருஷம் புதுப்பிக்கவும் அவருக்கே ஜிபேயில் அனுப்பினேன். போன மாதம் திடீரென்று இரண்டு லட்சம் கேட்டார். மறுத்துவிட்டேன். இப்போது டாட் காமைத் திறந்தால் வேறொரு ஊர்க் கருவாட்டுக் கடை வருகிறது. டாட் இன் திறக்கவே இல்லை. பெயரை டிரேட்மார்க் பதியவில்லை. இங்கே கேட்ட வக்கீல்கள் ‘இது சென்னை, டெல்லி கேஸ்மா’ என்கிறார்கள். இணையத்தில் தேடினால் ‘நூறு சதவீதம் மீட்டுத் தருகிறோம்’ என்று விளம்பரம் வருகிறது. நல்ல வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சகோதரி, வக்கீல் பேச்சுக்கு முன்னால் ஒரு அவசர வேலை. கடை ஈமெயில் அந்த டொமைனில், அதாவது அந்த டாட் காம், டாட் இன் முகவரியில்தான் இருந்ததா? இருந்தால் ஜிஎஸ்டி, வங்கி, கூரியர், ஆன்லைன் கணக்குகள் எல்லாவற்றிலும் ஈமெயிலை இன்றைக்கே மாற்றுங்கள். டொமைன் யார் கையில் இருக்கிறதோ, அந்த முகவரிக்கு வரும் மெயிலை வாங்கும் வசதியும் அவர் கையில் இருக்கிறது. பாஸ்வேர்டு மாற்றும் மெயில்களும் அதில் அடக்கம்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. டொமைன் வழக்கில் நல்ல வக்கீலை அவர் கேட்கும் முதல் கேள்வியிலேயே அடையாளம் கண்டுவிடலாம். ஃபீஸையும் நீங்கள் இழந்த லாபத்தையும் அவர் அப்புறம் பேசுவார். முதலில், “இன்றைய தேதியில் அந்த டாட் காம் யார் பெயரில் இருக்கிறது? வெப்சைட்காரர் பெயரிலேயா, அந்த வேறு ஊர்க் கடைக்காரர் பெயருக்கு மாறிவிட்டதா?” என்று கேட்பார். உங்கள் வழக்கே இதில்தான் நிற்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

டாட் காம் தகராறுகளுக்கு, இணைய முகவரிகளை உலக அளவில் மேற்பார்வை செய்யும் ஐகேன் அமைப்பு 1999இல் கொண்டுவந்த யூடிஆர்பி என்ற நடைமுறை இருக்கிறது. ஜெனீவாவில் உள்ள வைப்போ (உலக அறிவுசார் சொத்து அமைப்பு) போன்ற அமைப்புகள் அதை நடத்துகின்றன. நேரில் போக வேண்டியதில்லை, எல்லாமே எழுத்தில்தான், பெரும்பாலும் இரண்டு மாத அளவில் முடியும். நீங்கள் மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும்: அந்தப் பெயரில் உங்களுக்கு டிரேட்மார்க் உரிமை உண்டு, எதிராளிக்கு அதில் நியாயமான உரிமை எதுவும் இல்லை, அவர் தீய நோக்கத்தோடு பதிந்து தீய நோக்கத்தோடு பயன்படுத்துகிறார். மூன்றாவதில் பதிந்ததும் பயன்படுத்துவதும் இரண்டுமே தீய நோக்கமாக இருக்க வேண்டும். உங்களுக்குச் சிக்கல் அங்கேதான். 2019இல் வெப்சைட்காரர் உங்களுக்காகத்தானே பதிந்தார்? டொமைன் இன்னும் அவர் பெயரிலேயே இருந்தால், ‘பதியும்போது கெட்ட எண்ணம் இல்லை, இது எங்களுக்குள் இருக்கும் பணத் தகராறு’ என்று அவர் சொல்ல இடம் உண்டு. உங்கள் பெயரில் பதியச் சொல்லியும் தன் பெயரில் பதிந்துகொண்டார் என்று காட்ட முடிந்தால் அதைச் சமாளிக்கலாம். ஆனால் டொமைன் அந்தக் கடைக்காரர் பெயருக்கு மாறியிருந்தால் கணக்கே வேறு. மாறிய நாளையே புதிய பதிவாக எடுத்துக்கொள்வார்கள். உங்கள் பெயர் தெரிந்தே, அதே கருவாட்டு வியாபாரத்துக்கு வாங்கினார் என்று காட்டினால் தீய நோக்கத்தை நிரூபிக்க வழி கிடைக்கும்.

ஐகேன் தேடல் பக்கத்தில் டொமைனைப் போட்டுப் பாருங்கள். 2018க்குப் பிறகு உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைத்தே வரும். ஆனாலும் எந்த ரிஜிஸ்ட்ரார் (டொமைனைப் பதிந்து தரும் நிறுவனம்), கடைசியாக எப்போது பதிவு மாறியது என்ற தேதி தெரியும். புகார் போட்ட பிறகு ரிஜிஸ்ட்ரார் உரிமையாளர் விவரத்தைக் கொடுத்தாக வேண்டும்.

டாட் இன்னுக்கு வழி தனி. அது, டாட் இன் முகவரிகளை நிர்வகிக்கும் நிக்சி அமைப்பின் ஐஎன்டிஆர்பி என்ற நடைமுறை, 2005இல் வந்தது. நிக்சி நியமிக்கும் நடுவர் நம் ஊர் நடுவர் சட்டப்படி விசாரிப்பார். அங்கே பதிவு அல்லது பயன்பாடு, இதில் ஒன்று தீய நோக்கமாக இருந்தால் போதும். அதனால் உங்கள் நிலைக்கு டாட் இன் கொஞ்சம் சுலபம். இரண்டு முகவரியையும் ஒரே மனுவில் கேட்க முடியாது. “ஒரே கேஸில் ரெண்டையும் வாங்கிடலாம்” என்று ஒருவர் சொன்னால், அவர் யூடிஆர்பி, ஐஎன்டிஆர்பி மனு போட்டவராக இருக்க வாய்ப்பில்லை.

செலவையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வைப்போவில் ஒரு நடுவர் விசாரிக்கும் சாதாரண புகாருக்குக் கட்டணம் மட்டும் 1,500 டாலர். வக்கீல் ஃபீஸ் தனி. ஜெயித்தாலும் டொமைன்தான் கிடைக்கும், நஷ்ட ஈடு கிடையாது. சின்ன வியாபாரத்துக்கு இது பெரிய தொகை. இதைச் சொல்லாமல் வக்காலத்தில் கையெழுத்து வாங்குகிறவரிடம் கவனமாக இருங்கள்.

உங்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. என் கருத்தில் முதலில் யோசிக்க வேண்டியதே அதுதான்: ராமநாதபுரம் மாவட்ட நீதிமன்றம். டிரேட்மார்க் பதியாவிட்டாலும், உங்கள் பெயரைப் போட்டு அடுத்தவர் சரக்கு விற்பதைத் தடுக்கச் சொல்லி வழக்குப் போடலாம். டிரேட்மார்க் சட்டத்தின் 27(2) பிரிவு அந்த உரிமையைக் காப்பாற்றியே வைத்திருக்கிறது. டொமைன் பெயருக்கும் இது பொருந்தும் என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இலேயே சொல்லிவிட்டது. ‘சென்னை, டெல்லி கேஸ்’ என்பதற்கு இங்கே இடமில்லை. பதிவான டிரேட்மார்க் இருந்தால் நீங்கள் தொழில் செய்யும் ஊரிலேயே வழக்குப் போட 134ஆம் பிரிவு இடம் தருகிறது. உங்களிடம் பதிவு இல்லாததால் அந்தச் சலுகை கிடைக்காது. ஆனால் வெப்சைட்காரர் ராமநாதபுரத்திலேயே இருக்கிறார், ஒப்பந்தமும் பணமும் இங்கேயே நடந்தது. அதனால் வழக்கு இங்கே வரலாம். வெப்சைட்காரர், கடைக்காரர், ரிஜிஸ்ட்ரார் மூவரையும் சேர்த்து, டொமைனை மேற்கொண்டு கைமாற்றக் கூடாது என்று இடைக்காலத் தடை கேட்கலாம். இங்கே நஷ்ட ஈடும் கேட்க முடியும். வணிக வழக்காகப் போனால் முன்கூட்டியே சமரசத்துக்குப் போக வேண்டும் என்ற விதி உண்டு. அவசரத் தடை கேட்கும்போது அது தேவையில்லை. மாதக் கணக்கில் காத்திருந்துவிட்டுப் போனால் ‘இதில் என்ன அவசரம்’ என்று நீதிபதி கேட்பார்.

அப்படியானால் யாரைத் தேடுவது? உங்கள் ஊருக்குப் பொருத்தமான ஏற்பாடு இரண்டு பேர். ராமநாதபுரத்தில் சிவில் வழக்கு நன்றாக நடத்துகிற ஒருவர், மனுவை எழுதித் தரவும் யோசனை சொல்லவும் சென்னையிலோ மதுரையிலோ டிரேட்மார்க் வேலை செய்கிற ஒருவர். இரண்டாமவரை நேரில் பார்க்க வேண்டிய தேவை அதிகம் இல்லை.

அந்த இரண்டாமவரைக் கண்டுபிடிக்க விளம்பரத்தை நம்பாதீர்கள். யூடிஆர்பி தீர்ப்புகளை வைப்போவும், ஐஎன்டிஆர்பி தீர்ப்புகளை நிக்சியும் தங்கள் தளத்தில் இலவசமாகப் போடுகின்றன. வைப்போ தீர்ப்பின் தொடக்கத்திலேயே புகார்தாரர் யார், அவருக்காக ஆஜரானவர் யார் என்று இருக்கும். இந்தியப் புகார்தாரர்களின் தீர்ப்புகள் நாலைந்தைத் திறந்து பாருங்கள், உங்களைப் போன்ற சிறு வியாபாரியின் வழக்கை நடத்தியவர் பெயர் கிடைக்கும். தோற்ற வழக்கையும் படியுங்கள். ஏன் தோற்றது என்று நடுவர் எழுதியிருப்பார். ஆதாரம் சேர்க்காமல் மனு போட்டவர் யார் என்பது அங்கே தெரிந்துவிடும்.

வக்கீல்கள் விளம்பரம் செய்வதற்கே பார் கவுன்சில் விதியில் தடை இருக்கிறது. ‘மீட்டுக் கொடுத்தால் இவ்வளவு சதவீதம்’ என்று ஃபீஸ் பேசவும் கூடாது. அந்த ‘நூறு சதவீதம்’ விளம்பரம் போட்டவர் பெரும்பாலும் வக்கீலாகவே இருக்க மாட்டார். தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். டிரேட்மார்க் ஏஜென்ட் என்பவர் வேறு, அவர் பதிவு அலுவலகத்தில் ஆஜராகலாம், நீதிமன்றத்தில் முடியாது. கட்டணம் தனி, ஃபீஸ் தனி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும்? ஒரு நெத்திலிப் பாக்கெட். ஆமாம், நிஜப் பாக்கெட்டே. லேபிளில் கடைப் பெயர், வெப்சைட் முகவரி, எஃப்எஸ்எஸ்ஏஐ உணவுப் பாதுகாப்பு எண், பேக் செய்த தேதி நாலும் ஒன்றாக இருக்கும். பதிவு இல்லாத பெயருக்கு அதைவிட நல்ல சாட்சி குறைவு. பழைய பாக்கெட் கிடைத்தால் இன்னும் நல்லது. லேபிள் அச்சடித்த பிரஸ்ஸின் பில், 2019 முதல் ஜிஎஸ்டி பில்கள், கூரியர் ரசீது, ஜிபே விவரம், அந்த இரண்டு லட்சம் கேட்ட வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். போனில்தான் கேட்டார் என்றால், எவ்வளவு, எதற்கு என்று மெசேஜில் கேளுங்கள். டொமைனுக்கு ஆன செலவைவிட அதிகமாகக் கேட்டு விற்க முயல்வதே தீய நோக்கத்துக்கு ஆதாரமாகலாம். கோபத்தில் பதில் எழுத வேண்டாம், செய்திகளை அழிக்கவும் வேண்டாம். இப்போது டாட் காமில் தெரிகிற கடையைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உங்கள் பழைய பக்கம், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த மின்னணு ஆதாரங்களுக்கு 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அதை எப்படித் தயாரிப்பது என்று வக்கீலிடமே கேளுங்கள். தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள்.

அந்தக் கடை உங்கள் பெயரைச் சொல்லி வாடிக்கையாளரிடம் பணம் வாங்கியது தெரிந்தால் 1930 எண்ணில் சைபர் குற்றப் புகாரும் கொடுங்கள்.

இன்னொன்று, கடைப் பெயருக்கு டிரேட்மார்க் விண்ணப்பத்தை இந்த வாரமே போட்டுவிடுங்கள். கருவாடு 29ஆம் வகுப்பில் வரும். தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், 2019 முதல் பயன்படுத்துகிறேன் என்று உறுதிமொழிப் பத்திரமும் சேர்க்க வேண்டும். கடைப் பெயர் வெறும் ஊர்ப் பெயரும் ‘கருவாடு’ என்ற சொல்லும் மட்டும்தான் என்றால் பதிவு கிடைப்பது கஷ்டம். டொமைன் வழக்கும் பலவீனமாகும். அப்படி இருந்தால் வக்கீலிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.