லிங்க்கைத் தட்டினால் செயலி திறக்கிறது, பக்கம் திறக்கவில்லை

கேள்வி: எங்கள் செயலி ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இருக்கிறது. பயனர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பும் லிங்க்கைத் தட்டினால், செயலிக்குள் அந்தக் குறிப்பிட்ட பக்கமே திறக்க வேண்டும். ஆண்ட்ராய்டில், என் லேப்டாப்பிலிருந்து நேரடியாகப் போனில் ஏற்றிப் பார்த்தபோது ஒழுங்காக வேலை செய்தது. பிளே ஸ்டோர் வழியாக இறக்கினால் லிங்க் குரோமில்தான் திறக்கிறது. ஐபோனில் செயலி திறக்கிறது, ஆனால் பெரும்பாலும் முகப்புத் திரையோடு நின்றுவிடுகிறது. எப்போதாவதுதான் சரியான பக்கத்துக்குப் போகிறது. பேசாமல் பழையபடி சொந்த ஸ்கீமுக்கே திரும்பிவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். திரும்ப வேண்டாம்.

சொந்த ஸ்கீம் என்பது, முகவரியின் தொடக்கத்தில் எச்டிடிபிஎஸ் இருக்கும் இடத்தில் உங்கள் செயலியின் பெயரைப் போட்டுக்கொள்வது. ஐந்து நிமிட வேலை, அதனால் எல்லோருக்கும் அதன் மேல் ஒரு கண். ஆனால் அந்தப் பெயர் உங்களுடையதுதான் என்று எங்கும் பதிவு கிடையாது. வேறொரு செயலி அதே பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தால் போன் தடுக்காது. லிங்க்கில் உள்நுழைவுக் குறியீடு இருந்தால் அதுவும் அந்நியர் கைக்குப் போய்விடும். ஓஆத் என்ற உள்நுழைவு முறையில் பிகேசிஇ என்ற கூடுதல் பூட்டை 2015-ல் சேர்த்ததே இந்த ஓட்டையை அடைக்கத்தான். தவிர, செயலி இல்லாத போனில் அந்த லிங்க் எங்கும் போகாது. பல மின்னஞ்சல் சேவைகள் அதைத் தட்டக்கூடிய லிங்க்காகக்கூடக் காட்டுவதில்லை. நீங்கள் அனுப்புவதே மின்னஞ்சலில் என்பதால், இந்த ஒரு காரணமே போதும்.

உங்கள் எச்டிடிபிஎஸ் லிங்க்குகளையே வைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் இதற்கு ஆப் லிங்க்ஸ் என்று பெயர், ஐபோனில் யுனிவர்சல் லிங்க்ஸ். இரண்டும் 2015-ல், ஆண்ட்ராய்டு 6, ஐஓஎஸ் 9 பதிப்புகளோடு வந்தவை. இரண்டிலும் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. இந்த டொமைனும் இந்தச் செயலியும் ஒருவருடையவைதான் என்று போன் உறுதி செய்துகொள்வது ஒன்று. செயலி திறந்த பிறகு, முகவரியைப் படித்து உரிய திரைக்குப் போவது இன்னொன்று. முதலாவதைச் செய்வது இயங்குதளம். இரண்டாவது முழுக்க உங்கள் கோட். உங்கள் ஆண்ட்ராய்டு சிக்கல் முதல் வகை, ஐபோன் சிக்கல் இரண்டாம் வகை. இரண்டையும் ஒரே சிக்கலாக நினைத்துத் தேடினால் ஒரு வாரம் போய்விடும்.

முதலில் ஆண்ட்ராய்டு. உங்கள் டொமைனில் டாட் வெல்-நோன் என்ற ஃபோல்டருக்குள் அசெட்லிங்க்ஸ் டாட் ஜேசன் என்ற கோப்பு இருக்கும். அதில் செயலியின் பேக்கேஜ் பெயரும், அதைக் கையொப்பமிட்ட சான்றிதழின் ஷா-256 கைரேகையும் (அந்தச் சான்றிதழை அடையாளம் காட்டும் எண்-எழுத்துத் தொடர்) இருக்க வேண்டும். நீங்கள் போட்டிருப்பது அநேகமாக உங்கள் லேப்டாப்பில் உள்ள சாவியின் கைரேகை. ஆனால் பிளே ஆப் சைனிங் இருக்கும்போது, நீங்கள் ஏற்றும் கோப்பை கூகுள் வாங்கி, தன்னிடம் உள்ள வேறொரு சாவியால் கையொப்பமிட்டுத்தான் பயனருக்குக் கொடுக்கிறது. நீங்கள் நேரடியாக ஏற்றிய பதிப்பில் கைரேகை பொருந்தியது, கடையிலிருந்து வந்ததில் பொருந்தவில்லை. பிளே கன்சோலில் ஆப் சைனிங் பக்கத்துக்குப் போனால் சரியான கைரேகை கிடைக்கும். கோப்பில் ஒட்டத் தயாரான ஜேசன் துண்டே அங்கே இருக்கிறது, அதை அப்படியே நகலெடுப்பது உத்தமம். அந்தக் கைரேகை ஒரு பட்டியலுக்குள் இருப்பதால் ஒன்றுக்கு மேற்பட்டவற்றையும் சேர்க்கலாம். டீபக் சாவியின் (சோதனைப் பதிப்புகளைக் கையொப்பமிடும் சாவி) கைரேகையை மட்டும் உண்மையான டொமைனில் போடாதீர்கள்; சோதனைக்கென்று ஒரு சப்டொமைன் வைத்து அங்கே போடுங்கள்.

"முன்பெல்லாம் இப்படி ஆகவில்லையே" என்று உங்கள் குழுவில் யாராவது சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான். ஆண்ட்ராய்டு 12-க்கு முன், சரிபார்ப்பு தோற்றாலும் எதில் திறக்கலாம் என்று ஒரு பெட்டி வரும், பயனர் உங்கள் செயலியைத் தேர்ந்தெடுப்பார். 12-லிருந்து அந்தப் பெட்டி போய்விட்டது. சரிபார்க்கப்படாத லிங்க் நேராக பிரவுசருக்குப் போகும். அதுவரை மறைந்திருந்த தவறு அன்றிலிருந்து வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

கைரேகையை மாற்றியும் சரியாகாவிட்டால் கோப்பு கிடைக்கும் விதத்தைப் பாருங்கள். எச்டிடிபிஎஸ்ஸில், ரீடைரக்ட் எதுவும் இல்லாமல், 200 என்ற பதிலோடு, ஜேசன் என்ற கன்டென்ட்-டைப்போடு வர வேண்டும். பல தளங்கள் டப்ள்யூடப்ள்யூடப்ள்யூ இல்லாத முகவரியை அது உள்ள முகவரிக்குத் திருப்பிவிடுகின்றன. மனிதருக்கு அது வசதி, சரிபார்ப்புக்கு அதுவே தோல்வி. இரண்டும் வேறு வேறு ஹோஸ்ட்கள். செயலியின் விவரக் கோப்பான மேனிஃபெஸ்ட்டில் இரண்டையும் எழுதினால் இரண்டிலும் கோப்பு நேரடியாகக் கிடைக்க வேண்டும். ரோபோக்களைத் தடுக்கும் ஃபயர்வால் இருந்தால் இந்த ஒரு பாதைக்கு விலக்குக் கொடுத்துவிடுங்கள்.

மேனிஃபெஸ்ட்டில் இன்டென்ட் ஃபில்டருக்கு (எந்த லிங்க்குகளைச் செயலி திறக்கும் என்று சொல்லும் பகுதி) வியூ ஆக்‌ஷன், டீஃபால்ட், பிரவுசபிள் என்ற இரண்டு கேட்டகரிகள், ஆட்டோவெரிஃபை ட்ரூ, இவை இருக்கும் என்று நம்புகிறேன். பலர் வழுக்கி விழும் இடம் வேறு. ஒரே ஃபில்டருக்குள் இரண்டு டேட்டா வரிகள் எழுதினால், ஒவ்வொன்றும் தனித்தனி முகவரி என்று நினைக்கிறோம். ஆண்ட்ராய்டு அப்படிப் படிப்பதில்லை. எல்லா ஸ்கீம்களையும் ஒரு பக்கம், எல்லா ஹோஸ்ட்களையும் ஒரு பக்கம், எல்லாப் பாதைகளையும் ஒரு பக்கம் சேர்த்து, எதோடு எதையும் கலந்து ஏற்றுக்கொள்ளும். எச்டிடிபிஎஸ் முகவரியையும் பழைய சொந்த ஸ்கீமையும் ஒரே ஃபில்டரில் வைத்தால், நீங்கள் எழுதவே எழுதாத முகவரிகளுக்கும் செயலி உரிமை கோரும். ஆளுக்கொரு ஃபில்டர் என்று பிரித்துவிடுங்கள்.

சரிபார்ப்பின் நிலையை ஊகிக்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேற்பட்ட போனை கணினியோடு இணைத்து ஏடிபி ஷெல்லில் (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) பிஎம் கெட்-ஆப்-லிங்க்ஸ் என்று கொடுத்து, பக்கத்தில் பேக்கேஜ் பெயரைப் போடுங்கள். ஒவ்வொரு டொமைனுக்கு எதிரிலும் வெரிஃபைட் என்று வர வேண்டும். 1024 அல்லது அதற்கு மேற்பட்ட எண் வந்தால் தோற்றுவிட்டது. கோப்பைத் திருத்திய பின் பிஎம் வெரிஃபை-ஆப்-லிங்க்ஸ் கட்டளையை ரீ-வெரிஃபை என்ற சேர்க்கையோடு கொடுத்தால் மறுபடி சரிபார்க்கும். ஒன்று மட்டும் கவனம்: லிங்க்கைத் திறந்து பார்க்கும் ஏஎம் ஸ்டார்ட் கட்டளையில் பேக்கேஜ் பெயரையும் சேர்த்துக் கொடுத்தால், சரிபார்ப்பு தோற்றிருந்தாலும் செயலி திறந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று படுத்துத் தூங்கிய இரவுகள் எனக்கும் உண்டு.

இனி ஐபோன். "எப்போதாவது" என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. செயலியை முழுவதுமாக மூடிவிட்டு லிங்க்கைத் தட்டிப் பாருங்கள். பிறகு செயலியைத் திறந்து பின்னணியில் விட்டுவிட்டுத் தட்டுங்கள். முதல் முறை முகப்பும் இரண்டாம் முறை சரியான பக்கமும் வரும் என்பது என் கணிப்பு.

காரணம், லிங்க் செயலிக்குள் வர இரண்டு வாசல்கள் உண்டு. செயலி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், ஐபோன் கோடில் திரையின் நிகழ்வுகளைக் கவனிக்கும் சீன் டெலிகேட்டில் கன்டினியூ யூசர் ஆக்டிவிட்டி என்ற மெத்தட் அழைக்கப்படும். லிங்க்கே செயலியைத் தொடக்கி வைத்தால் அது அழைக்கப்படாது. முகவரி வில் கனெக்ட் டூ மெத்தடின் கனெக்‌ஷன் ஆப்ஷன்ஸுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும், நீங்கள்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு போன்களுக்கும் சேர்த்து எழுத உதவும் ரியாக்ட் நேட்டிவ் என்றால் கெட் இனிஷியல் யூஆர்எல் ஒரு வாசல், யூஆர்எல் என்ற ஈவென்ட் இன்னொன்று. ஆண்ட்ராய்டிலும் இதே கதைதான்: ஆன்கிரியேட்டில் ஒன்று, ஆக்டிவிட்டி (செயலியின் ஒரு திரை) சிங்கிள்டாப் அல்லது சிங்கிள்டாஸ்க் ஆக இருந்தால் ஆன்நியூஇன்டென்ட்டில் இன்னொன்று. எந்த வாசலில் வந்தாலும் முகவரியை ஒரே ஃபங்ஷனுக்கு அனுப்புங்கள். இரண்டு இடங்களில் தனித்தனியாக வழிகாட்டும் கோட் எழுதினால், ஆறு மாதத்தில் ஒன்று புதிதாகவும் ஒன்று பழையதாகவும் நிற்கும்.

இதைச் செய்த பிறகும் முகப்பே வந்தால், அடுத்த சந்தேகம் உங்கள் தொடக்கத் திரை. லிங்க் சரியாக வந்து பக்கம் திறந்திருக்கும். அரை நொடி கழித்து, உள்நுழைவைச் சோதித்து முடித்த ஸ்பிளாஷ் திரை எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முகப்பைப் போட்டிருக்கும். அதனால் வந்த முகவரியை உடனே திறக்காமல் ஒரு இடத்தில் நிறுத்தி வையுங்கள். பயனர் யார் என்று தெரிந்து, நேவிகேஷன் தயாரான பின் அதை எடுத்துத் திறங்கள், திறந்ததும் அழித்துவிடுங்கள். அழிக்க மறந்தால் வேறு தொல்லை: ஆண்ட்ராய்டில் திரையைத் திருப்பினால் ஆக்டிவிட்டி மறுபடி உருவாகும்போது பழைய இன்டென்ட் அப்படியே இருக்கும், அதே பக்கம் இன்னொரு முறை திறக்கும்.

உள்நுழையாதவர் லிங்க்கைத் தட்டினால் உள்நுழைவுத் திரைக்குப் போகட்டும். ஆனால் உள்நுழைந்ததும் அவர் கேட்ட பக்கத்துக்கே கொண்டுபோய் விடுங்கள். பெரிய செயலிகள்கூட இதில் சறுக்குகின்றன.

ஐபோனில் சோதிக்கும்போது ஏமாற்றும் விஷயங்கள் சில உண்டு. சஃபாரியின் முகவரிப் பட்டையில் லிங்க்கைத் தட்டச்சு செய்தால் செயலி திறக்காது. அது பிழை அல்ல, வடிவமைப்பே அப்படி. உங்கள் தளத்துக்குள் இருந்துகொண்டு அதே டொமைனின் லிங்க்கைத் தட்டினாலும் சஃபாரியிலேயே இருக்கும். நோட்ஸ் செயலியில் லிங்க்கை ஒட்டி அங்கிருந்து தட்டுங்கள். ஐஓஎஸ் 14-லிருந்து போன் உங்கள் சர்வருக்கு நேரடியாக வருவதில்லை. அசெட்லிங்க்ஸுக்கு இணையான ஆப்பிள்-ஆப்-சைட்-அசோசியேஷன் கோப்பை ஆப்பிளின் சிடிஎன் (கோப்புகளின் நகலை வைத்துக் கொடுக்கும் சர்வர்கள்) வழியாகவே எடுக்கிறது. சிடிஎன் அதை 24 மணி நேரத்துக்குள் எடுத்துக்கொள்ளும், ஏற்கெனவே செயலி உள்ள போன்கள் ஏறக்குறைய வாரம் ஒருமுறைதான் புதுக் கோப்பைப் பார்க்கும் என்பது ஆப்பிளின் கணக்கு. கோப்பைத் திருத்திவிட்டு உடனே மாற்றத்தைப் பார்க்க வேண்டுமானால், சோதனைப் பதிப்பின் அசோசியேட்டட் டொமைன்ஸ் பட்டியலில் டொமைனுக்குப் பின் கேள்விக்குறி போட்டு மோட் ஈக்வல்ஸ் டெவலப்பர் என்று சேர்த்து, போனின் டெவலப்பர் அமைப்புகளிலும் அதற்கான சுவிட்சைப் போடுங்கள். அந்தக் கோப்பின் பெயருக்கு ஜேசன் என்ற வால் கிடையாது என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்னஞ்சல் என்றதும் கேட்க மறந்த ஒன்று: எத்தனை பேர் தட்டினார்கள் என்று எண்ணும் வசதியை உங்கள் மின்னஞ்சல் சேவையில் போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால், அது உங்கள் லிங்க்கை எடுத்துவிட்டுத் தன் டொமைனின் லிங்க்கை வைத்திருக்கும். போன் பார்ப்பது அந்த முகவரியைத்தான். அங்கிருந்து உங்கள் டொமைனுக்கு ரீடைரக்ட் ஆவதற்குள் பிரவுசர் திறந்துவிட்டிருக்கும். இப்போது உங்கள் ஐபோனில் செயலி திறப்பதால் அது உங்களுக்கு இல்லை போலிருக்கிறது; நாளை மார்க்கெட்டிங் குழு அதைப் போட்டுவிட்டால் ஒரே நாளில் எல்லாம் உடையும். செயலியைத் திறக்க வேண்டிய லிங்க்குகளுக்கு மட்டும் எண்ணுவதை நிறுத்தச் சொல்லுங்கள். அது முடியாதென்றால், எண்ணுவதற்கு உங்கள் சொந்த சப்டொமைனை அமைத்து, அதிலும் மேற்சொன்ன இரண்டு கோப்புகளையும் வைக்க வேண்டும், செயலிக்குள் அந்த முகவரியை உண்மையான முகவரியாக மாற்றிக்கொள்ளவும் வேண்டும். முதல் வழியே நிம்மதி. கூகுளின் லிங்க் சேவையான ஃபயர்பேஸ் டைனமிக் லிங்க்ஸைப் பயன்படுத்தச் சொல்லும் பழைய கட்டுரைகள் கண்ணில் பட்டால் தாண்டிப் போய்விடுங்கள், அந்தச் சேவை 2025 ஆகஸ்ட் 25-ல் மூடப்பட்டுவிட்டது.

வேலை செய்யத் தொடங்கியதும், வெளியிடுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். டொமைன் உங்களுடையது என்று சரிபார்க்கப்பட்டாலும், அந்த முகவரியை எழுதியவர் நீங்கள்தான் என்று அர்த்தமில்லை. உங்கள் டொமைனில் எந்தப் பாதையையும் எந்த அளவுருவையும் ஒட்டி யார் வேண்டுமானாலும் லிங்க் செய்து பரப்பலாம். ஆகவே லிங்க் திறந்த மாத்திரத்தில் எதையும் நீக்குவதோ பணம் அனுப்புவதோ நடக்கக் கூடாது. திரையைக் காட்டுங்கள், பொத்தானை அவர் அழுத்தட்டும். முகவரியில் வரும் இன்னொரு முகவரியை வெப்வியூவில் (செயலிக்குள்ளேயே இணையப் பக்கம் காட்டும் பகுதி) திறக்கிறீர்கள் என்றால், அதன் ஹோஸ்ட் பெயரை முழுதாக எடுத்து உங்கள் பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். உங்கள் டொமைன் பெயரில் தொடங்குகிறதா என்று மட்டும் பார்த்தால், அதற்குப் பின் ஒரு புள்ளி வைத்துத் தன் டொமைனை ஒட்டிக்கொண்டு வருகிறவரையும் உள்ளே விட்டுவிடுவீர்கள்.