பதில்: 1956 அச்சு வரைபடத்தில் இருக்கும் ஓடை, போனில் குளமே தள்ளி நிற்கிறது

அண்ணாச்சி, பக்கத்து வயல்காரர் மறித்த ஓடை 1956 அச்சு வரைபடத்தில் இருக்கிறது, அதைத் தாலுகா ஆபீஸில் காட்டலாமா, போன் வரைபடத்தில் குளமே தள்ளித் தெரிகிறதே என்று கேட்டிருந்தீர்கள். குளம் நகரவில்லை. இந்திய நில அளவைத் துறையின் பழைய ஒரு அங்குலத் தாள் (ஒரு மைலுக்கு ஒரு அங்குலம்) எவரெஸ்ட் நீள்கோளம் என்ற, பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கை வைத்து வரைந்தது. போனில் இருப்பது டபிள்யூஜிஎஸ் 84 என்ற, ஜிபிஎஸ் பயன்படுத்தும் கணக்கு. அந்தக் கணக்கு வித்தியாசத்திலேயே நம்ம பக்கம் இருநூறு மீட்டர் போல விலகும். கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் தாளை ஏற்றி நாலஞ்சு புள்ளிகளைப் பொருத்துங்கள். கரிசல் வண்டிப்பாதையை நம்ப வேண்டாம், அது மழைக்கு மழை மாறும். கோயில், குளத்துக் கரையின் வளைவு, மடை இருக்கும் மூலை இவை போதும்.

அதைவிட முக்கியம் ஆண்டு. 1956 என்பது அச்சான வருஷம். அளந்த வருஷம் ஓரக் குறிப்பில் தனியாக இருக்கும், பல தாள்களில் அது வெகு முந்தையது. உங்கள் நாங்குநேரித் தாளில் மணிமுத்தாறு பிரதானக் கால்வாய் இருக்கிறதா பாருங்கள். அணையே 1950-களில் கட்டியது. அதனால் கால்வாய் இல்லாவிட்டால் நீங்கள் பார்ப்பது முழுக்க மானாவாரிக் குளங்களின் காலம். அப்போது உங்கள் ஓடைதான் குளத்துக்கு உயிர்.

பக்கத்து வயல்காரர் ஓடையை மறித்ததற்கு இதைத் தாலுகா ஆபீஸில் காட்டினால் மட்டும் எடுபடாது. ஓடை இருந்தது என்று தாள் சொல்லும், யார் எல்லை எங்கே என்று சொல்லாது. கிராம வரைபடம், புல வரைபடம் (ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவுகளும் உள்ளது), அ-பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்வது) மூன்றுக்கும் மனு போடுங்கள். பதிவேட்டில் அந்த சர்வே எண் 'ஓடை புறம்போக்கு', அதாவது ஓடைக்கான அரசு நிலம், என்று இருந்தால் வேலை பாதி முடிந்தது.

தாளின் ஓரத்தைப் படமெடுத்துப் போடுங்க, அளந்த வருஷத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.