'பாவம் சார்' என்பதைத் தாண்ட மாட்டேன் என்கிறார்கள்: பதில்

வணக்கம். உருது எழுத்தாளர் மண்டோவின் 'டோபா டேக் சிங்' கதையை பி.ஏ. முதலாண்டு வகுப்பில் வாசித்ததும் "பாவம் சார்" என்று முடித்துக்கொண்டார்கள் என எழுதியிருந்தீர்கள். கோளாறு உங்கள் கேள்வியில்தான். "அந்த இடத்தில் நீ இருந்தால்?" என்று கேட்டால் பிள்ளைகள் தங்களைப் பற்றித்தான் யோசிப்பார்கள், லாகூர் மனநல விடுதியிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்படவிருக்கும் கதை நாயகன் பிஷன் சிங் மறைந்துபோவார். "அவருக்கு அப்போது என்ன தெரியும், என்ன தெரியாது?" என்று கேளுங்கள்.

1947 பிரிவினையின் சாவுக் கணக்கோடு பாடத்தைத் தொடங்காதீர்கள். எண்ணிக்கை பெரிதானால் முகம் தெரியாது. வரைபடத்தில் லாகூர், எல்லையிலுள்ள வாகா, பிஷன் சிங்கின் ஊரான டோபா டேக் சிங் மூன்றையும் காட்டினால் போதும், ஐந்து நிமிடம்.

பிறகு இரண்டே இடங்களில் நிறுத்துங்கள். 15 வருடம் படுக்காமல் நின்று கால் வீங்கிய பிஷன் சிங், உறவினர் பார்க்க வரும் நாளில் மட்டும் சோப்புப் போட்டுக் குளித்து, எண்ணெய் தேய்த்துத் தலை வாருகிறார். பிரிவினைக்குப் பின் யாரும் வருவதில்லை. இரண்டாவது, பழைய ஊர்க்காரர் ஃபசல் தீன் வரும் இடம். குடும்பத்தார் எல்லோரும் பத்திரமாக இந்தியா போய்விட்டார்கள் என்றவர், பிஷன் சிங்கின் மகள் ரூப் கௌர் பெயரில் தடுமாறி நிற்கிறார். அங்கே புத்தகத்தை மூடி, அவர் சொல்லாமல் விட்டது என்னவாக இருக்கும் என்று மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். யாரையும் சத்தமாக வாசிக்க வற்புறுத்த வேண்டாம். வீட்டில் இடம்பெயர்ந்த கதை உள்ள பிள்ளைகளும் வகுப்பில் இருக்கலாம். (விடுதியிலுள்ள பைத்தியக்காரர்கள் பேச்சுக்குப் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மண்டோ அப்படித்தான் எழுதியிருக்கிறார்.)

கடைசிக் காட்சியை அடுத்த வகுப்புக்கு வையுங்கள்.