மறுபடியும் ஒன்றிலிருந்து

கேள்வி: 78 வயதாகும் என் அப்பா எங்களோடு இருக்கிறார். "பால்காரர் வந்தாச்சா?" என்று காலையில் மட்டும் பத்து தடவை கேட்பார். நாலு தடவை பொறுமையாகச் சொல்வேன், ஐந்தாவது தடவை கத்திவிடுவேன். அப்புறம் அடுப்படியில் நின்று அழுவேன். தியானம் செய்தால் பொறுமை வரும் என்றார்கள். இரண்டு நாள் உட்கார்ந்தேன், மனம் அடங்கவே இல்லை. எனக்கு இது ஒத்துவராதா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் அப்பா. இத்தனை முறை ஒரே கேள்வியைக் கேட்பதை "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம். தைராய்டு கோளாறும் வைட்டமின் பி12 குறைவும்கூட நினைவைப் பாதிக்கும், அவற்றுக்கு மருந்து உண்டு. தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சரி, இப்போது உங்கள் தியானம். மனம் இரண்டு நாளில் யாருக்கும் அடங்காது. கோயங்கா என்ற ஆசிரியர் பரப்பிய விபாசனா தியான முகாம் பத்து நாள் நடக்கும். அதில் முதல் மூன்று நாளும் மூச்சைக் கவனிப்பது மட்டும்தான் வேலை, விடிகாலை நாலரை மணியிலிருந்து. அங்கே உட்காருகிறவர்களுக்கும் மனம் ஓடத்தான் செய்யும். நீங்கள் உடனே அங்கே போக வேண்டாம். வீட்டில் பத்து நிமிடம் போதும்.

போர்வையை நாலாக மடித்து அதன் நுனியில் சம்மணமிட்டு உட்காருங்கள். இடுப்பு சற்று உயர்ந்து முழங்கால் தாழ்ந்திருந்தால் முதுகு தானாக நிமிரும். முழங்கால் வலி இருந்தால் நாற்காலியே நல்லது, பாதம் இரண்டும் தரையில் படட்டும். மூச்சை இழுக்கவோ அடக்கவோ வேண்டாம். அது வெளியே போகும்போது மனதுக்குள் ஒன்று, அடுத்ததற்கு இரண்டு என்று பத்துவரை எண்ணுங்கள். மூன்றைத் தாண்டுவதற்குள் மனம் பால் கணக்குக்குப் போயிருக்கும். போனது தெரிந்ததும் திட்டாமல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

இந்தத் திரும்பி வருவதுதான் பயிற்சி. பத்து நிமிடத்தில் முப்பது தடவை திரும்பினால் முப்பது தடவை பழகியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு ஒவ்வொரு முறையும் அது முதல் கேள்விதான், ஐந்தாவது என்று எண்ணுவது நீங்கள்தான். "மறுபடியுமா!" என்று சலிக்காமல் ஒன்றுக்குத் திரும்பப் பழகிய மனம், அவருக்கும் முதல் தடவை போலவே பதில் சொல்ல மெல்லப் பழகும்.

இன்னொன்றும் நடக்கும். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மூக்கு நுனி அரிக்கும். உடனே கையைத் தூக்காதீர்கள். அந்த அரிப்பு எப்படி ஏறுகிறது, எங்கே குறைகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் தானே போய்விடும். போகாவிட்டால் சொறிந்துகொள்ளுங்கள், தப்பில்லை. அரிப்புக்கும் கைக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருப்பது தெரிந்தால் போதும். கத்துவதற்கு முன்னாலும் அதே இடைவெளி உண்டு. தொண்டை இறுகும், தாடை கெட்டியாகும். அது தெரிந்துவிட்டால் ஒரு மூச்சு விட நேரம் கிடைக்கும். கால் மரத்துப்போனால் மட்டும் சகித்துக்கொண்டு உட்காராதீர்கள், நீட்டிவிடுங்கள்.

கோபமே வராது என்று நான் சொல்ல மாட்டேன். சில நாள் கத்தத்தான் செய்வீர்கள். அன்று அடுப்படியில் நின்று அழுவதற்குப் பதில் அப்பா பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர் மறுபடி கேட்டால், "வந்தாச்சுப்பா, காபி கலந்துட்டேன்" என்று டம்ளரை அவர் கையில் கொடுங்கள்.